முதல் மூன்று எழுத்து மட்டும்

ஜூன் 4

அண்ணா,

உன் பெட்டியை நான் தொட்டுவிட்டேன். திட்டுவதாக இருந்தால் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்து, திட்டி முடித்துவிட்டு மீதியைப் படி.

நீ போன மறுநாளே பெரியப்பா தச்சரைக் கூட்டிவந்தார். நம் மைக் செட் கடையின் பின்சுவர் முழுக்க ஒட்டுப்பலகை அடித்து வெள்ளை பெயின்ட் பூசியாகிவிட்டது. விரிசல் இப்போது பலகைக்குப் பின்னால். விரிசலுக்குக் குறுக்கே நீ ஒட்டிவைத்த வால்யூம் ஸ்லைடரும் பலகைக்குப் பின்னால். அதிலிருந்து வரும் ஒயரை என்ன செய்வது என்று தச்சர் கேட்டார். பெரியப்பா, "அறுத்துப் போடுப்பா" என்றார். நான் அங்கேதான் மைக் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். அறுக்காதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கம்போல் காற்றுதான் வந்தது. பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பியதும் தச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, பலகையில் ஓர் ஓட்டை போட்டு ஒயரை வெளியே இழுத்துவிட்டார்.

அந்த ஒயரின் முனையில் இருந்த உன் சோப்பு டப்பாவை, அதற்குள் இருக்கும் குட்டி போர்டோடு, உன் பழைய லேப்டாப்பில் மாட்டினேன். திரையில் எண் வரும் என்று நீ சொல்லியிருந்தாய். எண் வரவில்லை. கட்டம் கட்டமாக, தலைகீழ்க் கேள்விக்குறியாக, எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாகக் கொட்டுகிறது. பைத்தியம் பிடித்தவர் பேச்சு மாதிரி இருக்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆனால் நிற்காமல் வருகிறது. அந்தச் சுவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது, எனக்குத்தான் விளங்கவில்லை என்று தோன்றுகிறது.

அப்பா உன் பேச்சையே எடுப்பதில்லை. நீ சவுண்ட் மிக்ஸரிலிருந்து ஸ்லைடரைப் பிடுங்கியதை மட்டும் தினமும் சொல்லிக்காட்டுகிறார். அந்த மிக்ஸர் செத்து எத்தனையோ நாளாகிறது என்பது அவருக்கும் தெரியும். பெரியப்பாவிடம் இந்த வீட்டை வாங்க வந்த ஆளை நீ கையைப் பிடித்து இழுத்துப்போய் விரிசலைக் காட்டினாய் பார், அதைத்தான் பெரியப்பாவால் செரிக்க முடியவில்லை. அவர் உன்னை அறைந்ததை அப்பாவால் செரிக்க முடியவில்லை. ஆனால் அண்ணனை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வராது. அதில் நான் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறேன்.

பின்பக்க மனையில் அஸ்திவாரக் குழி இன்னும் ஆழமாகிவிட்டது. பெரியப்பா விற்ற இடம்தானே, அவர் ஒன்றும் கேட்கமாட்டார். இயந்திரம் நம் சுவரை உரசுகிற மாதிரி தோண்டுகிறது.

நீ சுரங்கப்பாதை வேலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருப்பதாக அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அங்கே போன் எடுக்காதாமே. உடனே பதில் போடு. கட்டத்தையெல்லாம் எப்படி எண்ணாக்குவது?

உன் தங்கை


ஜூன் 11

அடி ஊமைக்கோட்டானே,

திட்டி முடித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "யாரைப்பா இப்படி வெளுத்து வாங்குற?" என்று கேட்டார். என் தங்கச்சியை என்றேன். "பாவம், அது என்ன பதில் சொல்லுச்சு?" என்றார். அது எப்போதும் ஒன்றும் சொல்லாது என்றேன்.

இங்கே சாமான் வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் மலையேறும். அரிசி, டீசல், கடிதம் எல்லாம் அதில்தான். அதனால் உன் "உடனே" எனக்கு ஒரு வாரம்.

உனக்கு வருவது பைத்தியப் பேச்சு இல்லை. போர்டு ஒரு வேகத்தில் பேசுகிறது, கம்ப்யூட்டர் வேறு வேகத்தில் காதைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குப்பைதான் விழும். நம் வீட்டுக் கதையும் அதுதான். நான் ஒரு வேகத்தில் பேசுவேன், அப்பா இன்னொரு வேகத்தில் கேட்பார், நடுவில் மிக்ஸர் உடையும். சீரியல் போர்ட் ஜன்னலில், கீழே வலது மூலையில் வேகம் என்று ஓர் இடம் இருக்கும். அதில் 9600 என்று வை. அவ்வளவுதான்.

பிறகு வரி வரியாக எண் வரும். சுவர் விரிய விரிய ஸ்லைடர் இழுபடும், எண் ஏறும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஸ்லைடர், அதனால் நூல் அளவு அசைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நான் கிளம்பிய அன்று 212.

ஒன்று நினைவில் வை. போர்டு உனக்காகக் காத்திருக்காது, அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். நீ நடுவில் போய்க் காதை வைத்தால் முதல் வரி பாதியாகத்தான் கிடைக்கும். 212க்குப் பதில் 12 என்று வரும். பாதியில் நிற்கிற எண்ணை நம்பாதே. மீதி எங்கே என்று கேள்.

இங்கே சுரங்கத்துக்குள் பாறையில் விரிசல் கண்டால் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைக்கிறார்கள். கண்ணாடி உடைந்தால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். மேலாளராக இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் பின்சுவர் ஞாபகம் வருகிறது. எண் என்னவென்று எழுது.

ஓட்டைவாய் அண்ணன்


ஜூன் 18

அண்ணா,

9600 வைத்தேன். குப்பை நின்று எண் வந்தது. ஆனால் வந்த எண் 341.

நீ போனது மே கடைசியில். அதற்குள் 212 எப்படி 341 ஆகும்? போர்டைத் தட்டிப் பார்த்தேன், ஒயரை ஆட்டிப் பார்த்தேன், பிடுங்கி மாட்டினேன். மறுபடி 341. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே 342.

மாடியில் குளியலறைக் கதவு தரையில் இடிக்கிறது. அப்பா தச்சரைக் கூப்பிட்டு அடியில் இழைக்கச் சொன்னார். "மழைக்குக் கதவு ஊதியிருக்கு" என்றார். மழை இன்னும் வரவே இல்லையே என்று அம்மா சொன்னாள். "வரப்போற மழைக்கு" என்றார் அப்பா. தச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கதவுக்கு மேலே நிலையைப் பார்த்தேன். ஒரு பக்கம் விரல் நுழைகிறது, இன்னொரு பக்கம் தாள்கூட நுழையவில்லை.

குழியில் வேலை செய்யும் அக்கா ஒருத்தி எனக்குப் பழக்கமாகிவிட்டாள். மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் தண்ணீர் பாட்டில் இறக்குவேன். குடித்துவிட்டுக் காலி பாட்டிலைக் கட்டி அனுப்புவாள். நான் பேசாவிட்டாலும் அவள் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். நேற்று அண்ணாந்து பார்த்து, "பாப்பா, உங்க சுவர் அழுவுது, வந்து கண்ணைத் தொடச்சு விடு" என்றாள். எட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கத்துச் சுவரின் அடியில் ஈரம் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் நமக்குக் குழாயே இல்லை.

எனக்கு ஒரு யோசனை. நாள் முழுக்க நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எண் ஓர் அளவைத் தாண்டினால் லேப்டாப் மணி அடிக்க வேண்டும். நீ எழுதிவைத்த சின்ன புரோகிராமைப் பார்த்து, அதே மாதிரி நாலு வரி சேர்த்தேன். ஓடவில்லை. ஒவ்வோர் எண்ணின் வாலிலும் ஒரு கட்டம் ஒட்டிக்கொண்டு வருகிறது. 342 என்றால் எனக்குத் தெரிகிறது. கம்ப்யூட்டர், இது எண்ணே இல்லை என்று அடம்பிடிக்கிறது. என்ன செய்ய?

இன்றைக்குக் காலையில் அப்பா மைக் சோதித்தார். நான் வழக்கம்போல மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போய் நின்றேன். "ஒன்னு ரெண்டு மூணு சொல்லும்மா" என்று உள்ளேயிருந்து கத்தினார். நான் நகத்தால் தட்டினேன். "தட்டுறது யாருக்கும் புரியாது, வாயைத் தொறந்து சொல்லு" என்றார். எதிர்க் கடைத் தையல்காரர், "விடுங்கண்ணே, தட்டினாலும் கேக்குதுல்ல" என்று எனக்காகப் பரிந்துபேசினார். பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுப் படிக்கச் சொன்ன அன்றைக்கு இப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

உன் தங்கை


ஜூன் 25

ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதம் வந்தபோது சாமான் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவரின் கையைக் காலைப் பிடித்து நிறுத்திவைத்து எழுதுகிறேன். ஹாரன் அடிக்கிறார்.

வாலில் வருவது ஒன்றுமில்லை. வரி முடிந்தது என்று சொல்ல போர்டு அனுப்புகிற அடையாளம். நாம் பேசி முடித்து மூச்சு விடுகிற மாதிரி. அதை வெட்டிவிடு. வரியைப் படித்ததும் முதல் மூன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறி. கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதை அப்படியே சேர். மணி அடிக்கும்.

மணியை 800க்கு வை. அது அடித்தால் அப்பாவிடம் சொல். எழுதிக் காட்டாதே, கையைக் காட்டாதே, சொல். வீட்டைக் காலிபண்ண வேண்டும் என்று சொல். 341 என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. தச்சர் கதவை இழைக்கட்டும், எத்தனை கதவை இழைப்பார்?

அம்மாவைப் பின்பக்க அறையில் படுக்க வேண்டாம் என்று சொல். ஹாரன். போகிறேன்.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

மணி அடித்துவிட்டது.

நீ எழுதிய வரியைச் சேர்த்ததுமே எல்லாம் ஒழுங்காகிவிட்டது. வால் போய்விட்டது. மூன்று எழுத்து மட்டும், திரை நிறையப் பெரிதாக. இரண்டு நாள் அது மெதுவாக ஏறியது. பிறகு மழை வந்தது. மழையோடு எண்ணும் ஓட ஆரம்பித்துவிட்டது. திங்கள்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கீழே மணி கிணுகிணுவென்று அடித்தது. அப்பா, "யாருடா கடையில?" என்று எழுந்தார். நான் எழுந்து நின்று, "எட்டு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"எட்டா? மணி ஒன்றரைதானே ஆகுது" என்றார் அப்பா.

அம்மாதான் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபம் வந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. "எங்க அண்ணன் மேஸ்திரியக் கூட்டிவந்து காட்டிட்டாரு. சுவருக்கு ஒன்னும் இல்லையாம். வீட்டுக்காரரே அவரு. நாம இருந்துட்டுப் போறவங்க. அவர்கிட்ட போய், உங்க வீடு விழப்போகுதுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் தெரியவில்லை.

மணி நிற்கவே இல்லை. நான் அதை நிறுத்துகிற வழியை எழுத மறந்துவிட்டேன். மாலையில் பெரியப்பா வந்தார். "என்னடா இது, சாவு மணி?" என்றார். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. "இந்தக் கருமத்தைத் தூக்கி வெளிய போடு" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

போட்டேன். எதிர்க் கடைத் தையல்காரரின் மேசையில், லேப்டாப்பை மட்டும்; சோப்பு டப்பாவைச் சுவரோரமே விட்டுவிட்டேன். மைக் கேபிளுக்குள் இரண்டு கம்பியும் அதைச் சுற்றி ஒரு வலையும் இருக்கின்றன அல்லவா, நம் சோப்பு டப்பாவுக்கு இரண்டு போதும். நீளமான கேபிள் ஒன்றை ஒட்டி, தெருவுக்கு மேலே நம் ஸ்பீக்கர் ஒயரோடு ஒயராகக் கட்டி அந்தப் பக்கம் இறக்கிவிட்டேன். யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மைக் செட் கடை வாசலில் இன்னொரு கேபிள் தொங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? மணியை எடுத்துவிட்டேன். தையல்காரர், "சும்மா இருக்கட்டும்மா, கடிகாரம் மாதிரி பார்த்துக்கறேன்" என்றார்.

அம்மா இப்போது முன் அறையில்தான் படுக்கிறாள். பின்னால் கொசு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

கடையில் பலகை வயிறு தள்ள ஆரம்பித்திருக்கிறது. பெரியப்பா அதன் முன்னால் ஆம்ப்ளிபயர் அலமாரியை நகர்த்தி வைக்கச் சொல்லிவிட்டார்.

இதை எழுதும்போது 871.

உன் தங்கை


ஜூலை 9

அண்ணா,

நீ சொன்னது தப்பாகிவிட்டது. சந்தோஷப்படு. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை 998. அதைப் பார்த்துவிட்டு நான் தெருவைக் கடந்து ஓடினேன். அப்பா கடையைத் திறந்துகொண்டிருந்தார். நான் சொன்னேன். எழுதவில்லை, கை காட்டவில்லை. "அப்பா, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. நாம போயிடலாம்ப்பா" என்றேன். முழுசாக வந்தது. என் குரல் அவ்வளவு தடிமனாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. அப்பா ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு என்னையே பார்த்தார். பிறகு பெரியப்பாவுக்குப் போன் போட்டார். நம் அப்பாவேதான். "அண்ணே, கொஞ்சம் வந்து பார்த்துருங்க. பொண்ணு பயப்படுது. எனக்கும் ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

பெரியப்பா சும்மா வரவில்லை. குழிக் கான்ட்ராக்டரையும் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் தையல்காரர் கடையில் குனிந்து பார்த்தார்கள். நான் விரலை நீட்டினேன்.

திரையில் 101.

"எவ்வளவுன்னு சொன்னா?" என்றார் பெரியப்பா.

"தொள்ளாயிரத்துச் சொச்சம்" என்றார் அப்பா.

"இது நூத்தி ஒன்னுல்ல காட்டுது?"

"மொய் எழுதியிருக்கு போல" என்றார் கான்ட்ராக்டர். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெரியப்பா என் தலையில் கை வைத்து, "படிப்பை விட்டா இப்படித்தான். அண்ணன்காரன் போயும் அவன் பேய் போகல" என்றார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அன்று மதியம் 102 ஆனது. அதோடு சரி. இன்று வரைக்கும் 102தான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. நீ வைத்த 212ஐ விடவும் கீழே. சுவர் தன் இடத்துக்கே திரும்பிப்போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. மழைக்கு மண் ஊறிப் பிடித்துக்கொள்ளும் என்று மேஸ்திரி சொல்கிறார். இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்?

நான் முதல்முறையாக வாயைத் திறந்தேன் அண்ணா. அதற்கு இது கிடைத்தது. இனிமேல் என்னைச் சொல் சொல் என்று எழுதாதே.

அடுத்த வியாழக்கிழமை வீட்டை வாங்குகிறவர் மறுபடி வருகிறார்.

உன் தங்கை

குளியலறைக் கதவு இன்னும் மூடமாட்டேன் என்கிறது. தச்சர் மூன்றாவது தடவை இழைத்துவிட்டார். சுவர் திரும்பிவிட்டது என்றால் கதவும் திரும்ப வேண்டாமா?


ஜூலை 14

தங்கச்சி,

வெளியே வா. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு எல்லோரையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வா. பிறகு மீதியைப் படி.

அது 102 இல்லை. 1023.

முதல் மூன்று எழுத்தை மட்டும் எடு என்று சொன்னவன் நான். ஹாரன் அடித்த அவசரத்தில், எண் ஆயிரத்தைத் தாண்டும் என்பதை நினைக்கவில்லை. 998க்குப் பிறகு போர்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. 1003 என்றிருக்கும், திரை 100 என்று காட்டியிருக்கும். 1015 என்றது, 101 என்று படித்தாய். நாலாவது எழுத்தை நாம் வாலோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டோம்.

இதைக் கேள். அந்த போர்டுக்கு 1023க்கு மேல் எண்ணத் தெரியாது. ஸ்லைடர் கடைசி வரை இழுபட்டுவிட்டது. அதனால்தான் அசையாமல் நிற்கிறது. சுவர் நிற்கவில்லை. ஸ்லைடர்தான் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சுவர் எவ்வளவு விலகியது என்று யாருக்கும் தெரியாது.

மழையில் தாமதமாகி, உன் கடைசி இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுவந்த வண்டிதான் பாலத்தைத் தாண்டிய கடைசி வண்டி. மலைச்சரிவு பாலத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. நடந்து இறங்கலாம் என்று போனேன், பாதையே இல்லை. மேலாளரிடம் வயர்லெஸ்ஸில் வீட்டுக்குச் செய்தி சொல்லச் சொன்னேன். "இங்கே பாலமே போச்சு, உங்க வீட்டுச் சுவரையா சொல்லச் சொல்றே?" என்றார். மறுபடி கேட்டிருக்கிறேன். காலில் விழுந்து கேட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் தபால் சாக்குப்பைக்குள் கிடக்கும். அது போய்ச் சேருவதற்குள் நீயே கண்டுபிடித்துவிடு. கதவு திரும்ப வேண்டாமா என்று கேட்டவள் நீ. நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அண்ணன்


ஜூலை 16

அண்ணா,

உன் கடிதம் வரவில்லை. வருவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

இன்றைக்குக் காலையில் அப்பா ஏதோ கூட்டத்துக்கு அனுப்ப வேண்டிய மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். மாடியில் குழாய் ஸ்பீக்கர் இரண்டும் கட்டியிருந்தன. நான் மைக்கோடு தையல்காரர் கடை வாசலில் நின்றிருந்தேன். தையல்காரர் ஒரு பருத்த மனிதருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். டேப் சுற்றி வரவில்லை. "எவ்வளவுய்யா?" என்று அவர் கேட்டதற்கு, "அறுபது" என்றார். "போன தடவையும் அறுபதுன்னுதானே சொன்னே?" என்றதற்கு, "என் டேப் அறுபதோட முடிஞ்சு போச்சு. நீங்க எவ்வளவு சாப்பிட்டாலும் அது அறுபதுன்னுதான் சொல்லும்" என்றார். தையல்காரரே சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "உன் பொட்டி மாதிரி" என்றார்.

நம் பெட்டியும் முடிந்துபோய்த்தான் நிற்கிறது என்றால் 102 எப்படி முடிவாகும், வெட்டியதில் ஏதோ போயிருக்கிறது என்று தோன்றியது. லேப்டாப்பின் முன் உட்கார்ந்து நீ எழுதித் தந்த அந்த ஒரு வரியை அழித்தேன். புரோகிராமை ஓட்டினேன்.

1023
1023
1023

நாலு எழுத்து. மணி அடிக்காத புரோகிராம், சத்தமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

வாங்குகிறவர் கார் நம் வாசலில் நின்றிருந்தது. அவரும் பெரியப்பாவும் கடைக்குள் இருந்தார்கள். அம்மா மாடியில். குழியில் அக்காவும் மற்றவர்களும். நான் போய் ஒவ்வொருவராகச் சொல்ல முடியாது. போனாலும் நூற்றொன்று என்று சிரிப்பார்கள்.

"ஒன்னு ரெண்டு மூணு சொல்லும்மா" என்று அப்பா உள்ளேயிருந்து கத்தினார்.

சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்பீக்கரில் என் குரல் தெரு முழுக்கக் கேட்டது. பிறகு நிறுத்தவில்லை. "ஆயிரத்து இருபத்து மூணு. குழியில இருக்கறவங்க எல்லாரும் மேல வாங்க. சுவர் விழப்போகுது. அக்கா, பாட்டில விடு, மேல வா. அம்மா, செருப்பு வேணாம், வெளிய வா. அப்பா, நீங்களும் வாங்கப்பா" என்றேன். ஒரே மூச்சில். ஒரு சொல்கூட முழுங்கவில்லை.

பின்பக்கத்தில் அக்காவின் குரல் முதலில் கேட்டது. "பாப்பா பேசுது, ஏறுங்க, ஏறுங்கடி!" என்று கத்தினாள். நான் பேசினேன் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அம்மா ஈரக் கையோடு வந்தாள். வாங்க வந்தவர் காருக்கு ஓடினார். அப்பா என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கத்தான் தெருவைக் கடந்து வந்தார். வந்தவர் திரையைப் பார்த்தார்.

"நாலு எழுத்தா?" என்றார்.

"நாலுதான்ப்பா. நாங்க ஒன்னை வெட்டிட்டோம்."

அப்பா மைக்கைப் பிடுங்கவில்லை. என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பெரியப்பா வாசலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. கார் திரும்புவதைப் பார்த்தார், தெருவில் கூடியவர்களைப் பார்த்தார், மண்ணோடு மண்ணாக ஓடிவந்து நின்ற குழி ஆட்களைப் பார்த்தார். "அவ வாயை மூடுங்கடா யாராவது" என்றார். யாரும் அசையவில்லை. "அண்ணே, வந்துருங்கண்ணே" என்றார் அப்பா. அவர் குரல் அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. பெரியப்பா ஆம்ப்ளிபயரை நிறுத்துவதற்காக உள்ளே போனார். அலமாரி எங்கே இருக்கிறது என்று உனக்கு எழுதியிருந்தேன்.

நான் மைக்கில் கூப்பிட்டேன். பெரியப்பாவிடம் நான் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "பெரியப்பா, வெளிய" என்பது வரை ஸ்பீக்கரில் கேட்டது. "வாங்க" என்று நான் சொன்னபோது அவர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

யாரோ விரலைச் சொடுக்கெடுக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அது நடந்தது. பின்சுவர் குழிக்குள் போனது, மாடி அதன் பின்னால் போனது. முன்பக்கத்து ஷட்டரும் பெயர்ப்பலகையும் மட்டும் அப்படியே நிற்கின்றன. தூசி அடங்கியபோது கடை வாசல் வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

குழி ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டாள். இப்போது அவர்கள்தான் தோண்டுகிறார்கள். அப்பாவும் அவர்களோடு இறங்கிவிட்டார். ஒவ்வொரு முறை இடிபாட்டைக் கிளப்பும்போதும் எல்லோரும் கையை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்கிறார்கள். பெரியம்மா வந்துவிட்டாள். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு மறுபடி பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

லேப்டாப் இன்னும் தையல்காரர் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூடிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். திரை முழுக்க 1023, வரி வரியாக. கடைசி வரியில் மட்டும் 10 என்று இருக்கிறது. கேபிள் அறுந்த இடம் அது.

பாதியில் நிற்கிற எண்ணை நம்பாதே, மீதி எங்கே என்று கேள் என்று நீ எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை அண்ணா. இங்கேயே உட்கார்ந்து மீதிக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை